தன் நட்டத்திற்குத் தானே காப்பு

கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றறியாத தமிழ் மாணவர் நம்மிடையே இருக்க முடியாது. ஒருபுறம் பத்மநாபசுவாமி கோயிலுக்குச் செல்லும் கோட்டைவாயில். மறுபுறம் சாலைக் கடைத்தெரு. இடையே ஓயாமல் வந்து போகும் பஸ்கள். அவற்றுள் தனியார் பஸ்கள் உண்டு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களும் உண்டு. இரண்டும் ஒரே சாலையில் ஓடுகின்றன. ஒரே வகையான ஆபத்துகளைச் சந்திக்கின்றன. ஆயினும் ஒரு செய்தியில் இரண்டிற்கும் பெரிய வேற்றுமை இருக்கிறது. தனியார் பஸ் ஒருவர்மீது மோதிவிட்டால் நட்டஈட்டைக் கொடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி. கழகத்தின் பஸ் மோதிவிட்டால், பெரும்பாலும், கொடுக்க வேண்டியது கழகமேதான்.

இது சட்டத்துக்குப் புறம்பான செயலா? அன்று. சட்டமே இதற்கு இடம் தந்திருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தம் நட்டங்களுக்குத் தாமே காப்பு அமைத்துக் கொள்ளும் வழக்கம் உலகெங்கும் உள்ளது. அதன் முதிர்ந்த வடிவத்தை ஆங்கிலத்தில் ‘காப்டிவ் இன்ஷூரன்ஸ்’ என்பர். அம்முறை என்ன, அது எப்போது நன்மை தரும், எப்போது ஏட்டளவில் நின்றுவிடும் என்பவற்றை நமக்குப் பழக்கமான பஸ்ஸைக் கொண்டே விளக்க முயல்கிறேன். நான் விஞ்ஞான மாணவன். வணிகவியல் பயின்றவன் அல்லேன். ஆயினும் இப்பொருளின் அடித்தளம் கணக்கு. அக்கணக்கு நம் அனைவர்க்கும் பொது.

ஒரு பஸ்ஸும் ஐயாயிரம் பஸ்ஸும்

காப்பீட்டின் அடிப்படைக் கருத்து மிக எளியது. ஒருவனுக்கு என்றோ வரக்கூடிய பெரிய நட்டத்தைப் பலர் ஆண்டுதோறும் கொடுக்கும் சிறு தொகைகளால் ஈடு செய்வது அது. இதனை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். நூறு பஸ்களில் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விபத்தில் சிக்குகிறது என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு விபத்துக்கும் நட்டஈடு ரூ. 30 லட்சம் எனக் கொள்வோம்.

ஒரே பஸ் உடையவரின் சராசரி நட்டம் ஆண்டுக்கு ரூ. 30,000. ஆனால் சராசரி அவருக்கு எந்த விதத்திலும் பயன்படாது. தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் அவருக்கு ஒரு காசும் நட்டமில்லை. நூறாவது ஆண்டில் முப்பது லட்சம் போய்விடும். அந்த நூறாவது ஆண்டு நாளையே வரலாம். வந்தால் பஸ்ஸை விற்று, வீட்டையும் விற்றாக வேண்டும். ஆதலால் அவர் பிரீமியம் கட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பாரத்தை இறக்கி வைக்கிறார். அது அறிவுடைமையே.

ஐயாயிரம் பஸ் உடைய நிறுவனத்தின் நிலை வேறு. அதற்கு ஆண்டுதோறும் சராசரியாக 50 விபத்துகள் நேரும். ஏற்ற இறக்கம் எவ்வளவு இருக்கும்? இத்தகைய கணக்குகளில் சராசரியின் வர்க்கமூலத்தை ஏற்ற இறக்கத்தின் அளவுகோலாகக் கொள்ளலாம். ஐம்பதின் வர்க்கமூலம் ஏறக்குறைய ஏழு. அதனை இரட்டித்தால் 14. எனவே இருபது ஆண்டுகளில் பத்தொன்பது ஆண்டுகள் விபத்துகளின் தொகை 36க்கும் 64க்கும் இடையே நின்றுவிடும். சராசரிச் செலவு ரூ. 15 கோடி; கடினமான ஆண்டுக்கும் சேர்த்து ஒதுக்குவதாயின் ரூ. 19 கோடியே 20 லட்சம். ஒரு பஸ்காரருக்குத் தலைவிதியாக இருப்பது, ஐயாயிரம் பஸ்காரருக்கு டீசல் செலவைப் போல முன்கூட்டியே கணிக்கத்தக்க செலவாக மாறிவிடுகிறது.

மறுபக்கம் பிரீமியத்தைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்த விகிதப்படி, ஐம்பது பேர் ஏறும் பஸ்ஸுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் மட்டுமே ஆண்டுக்கு ரூ. 50,000ஐத் தாண்டும். ஐயாயிரம் பஸ்ஸுக்கு அது ரூ. 25 கோடிக்கு மேல். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அலுவலகச் செலவு, கமிஷன், இலாபம் அனைத்தும் இதற்குள் அடங்கியிருக்கின்றன. தன் நட்டத்தை முன்கூட்டியே கணிக்க வல்ல நிறுவனம், ‘இத்தொகையை நானே ஒதுக்கி வைத்தால் என்ன?’ என்று எண்ணுவதில் வியப்பில்லை. தன்காப்பீடு பிறப்பது இந்த எண்ணத்திலிருந்துதான்.

சட்டம் தந்த விலக்கு

திருவிதாங்கூர் அரசின் பஸ் போக்குவரத்து 1938 பிப்ரவரி 20ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயர் அதன் மேற்பார்வையாளராக இருந்தார். அதன் தொடக்க கால நெடுவழி, நம்மில் பலர் விடுமுறை தோறும் செல்லும் நாகர்கோவில், கன்னியாகுமரிச் சாலையே. அரசின் ஓர் இலாகாவாக இருந்த அது, 1965இல் தனிக் கழகமாயிற்று. இலாகாவாக இருந்தவரை கஜானாவே பின்னால் நின்றது. கழகமான பின்னர்த் தன் வரவும் தன் செலவும் தன்னுடையவை என்பது ஏற்பாடு.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. அப்பகுதி 1946 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. சாலையில் நடந்து செல்லும் ஏழை ஒருவன்மீது வண்டி மோதினால், வண்டிக்காரனிடம் பணமில்லை என்ற காரணத்தால் அவன் குடும்பம் வீதியில் நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். இன்று நடப்பில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டமும் இதனையே 146ஆம் பிரிவில் கூறுகிறது.

அதே பிரிவில் விலக்கும் உண்டு. அரசின் வணிக வண்டிகள், உள்ளாட்சி அமைப்புகளின் வண்டிகள், அரசுப் போக்குவரத்து நிறுவனங்களின் வண்டிகள் ஆகியவற்றுக்கு அரசு விலக்களிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. விபத்தினால் வரும் பொறுப்புகளைத் தீர்ப்பதற்கென்று ஒரு நிதி நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது விதிகளின்படி தொடர்ந்து பேணப்பட்டும் வர வேண்டும்.

இங்கே இரண்டு வினைச்சொற்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். நிறுவுதல் ஒன்று, பேணுதல் மற்றொன்று. நிறுவுவதற்கு ஓர் ஆணை போதும். பேணுவதற்கு மாதந்தோறும் பணம் வேண்டும். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த இரண்டாம் சொல்லைப் பற்றியதே.

சுரங்கத்திலிருந்து வந்த பெயர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்ற எஃகு நகரம் இருக்கிறது. அங்கிருந்த எஃகுக் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தச் சுரங்கங்கள் இருந்தன. அவற்றில் வெட்டியெடுப்பது முழுவதும் அக்கம்பெனிக்கே, வெளிச்சந்தைக்குப் போகாது. அவற்றைக் ‘காப்டிவ்’ சுரங்கங்கள், அதாவது ஒருவனுக்கே கட்டுப்பட்ட சுரங்கங்கள், என்று அழைத்தனர். 1950களில் பிரெடரிக் ரைஸ் என்னும் காப்பீட்டு நிபுணர், சுரங்கத்தைப் போலவே காப்பீட்டுக் கம்பெனியையும் ஒரு நிறுவனம் தனக்கென்று வைத்துக் கொள்ளலாமே என்று வழி கூறினார். சுரங்கத்தின் பெயரே காப்பீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் அவர் தம் தொழிலைப் பெர்முடாத் தீவுக்குக் கொண்டு சென்றார். பின்னர் குயெர்ன்சித் தீவு, 1981இல் தனிச்சட்டம் இயற்றிய அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் முதலிய இடங்களிலும் இவை பெருகின. இன்று உலகில் இத்தகைய கம்பெனிகள் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.

அது நடைபெறும் விதம் இது: தாய்க் கம்பெனி தன் பணத்தைப் போட்டு ஒரு காப்பீட்டுக் கம்பெனியைத் தோற்றுவிக்கிறது. தன் தொழிற்சாலைகள், கப்பல்கள், வண்டிகள் அனைத்துக்கும் அதனிடமே பிரீமியம் கட்டுகிறது. நட்டம் நேர்ந்தால் குழந்தைக் கம்பெனி தாய்க்கு ஈடு தருகிறது. நட்டம் குறைந்த ஆண்டுகளில் மிஞ்சும் பணம் வெளியே போகாமல் வீட்டிலேயே தங்குகிறது. தாங்க முடியாத பெரிய நட்டங்களுக்காகக் குழந்தைக் கம்பெனி உலகச் சந்தையில் மறுகாப்பீடு வாங்குகிறது. அதாவது, பாரத்தின் அடிப்பகுதியைத் தான் சுமந்து மேற்பகுதியைப் பிறர் தோளில் ஏற்றுகிறது. பல நாடுகளில் வரிச்சலுகையும் கிடைக்கிறது. அச்சலுகைக்காகவே பெயரளவில் கம்பெனி தொடங்குவோரும் உண்டு.

‘இடப்பாக்கெட்டிலிருந்து வலப்பாக்கெட்டுக்குப் பணத்தை மாற்றுவதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்விதான். விடை, அந்த வலப்பாக்கெட்டுக்கு யார் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குழந்தைக் கம்பெனி சட்டத்தின் கண்ணில் தனி நபர். அதற்குத் தனிக்கணக்கு உண்டு; தனி மூலதனம் உண்டு; வரப்போகும் நட்டங்களைக் கணித்து இவ்வளவு இருப்பு வேண்டுமென்று கூறும் கணிப்பாளர் உண்டு; மேலே கண்காணிக்கும் அதிகாரி உண்டு. சம்பளத்துக்குப் பணம் போதவில்லை என்று தாய்க் கம்பெனி அதன் இருப்பில் நினைத்தபடி கை வைக்க முடியாது.

இந்தியாவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி தொடங்க ரூ. 100 கோடி பங்கு மூலதனம் வேண்டும் என்பது சட்டம். ஆதலால் சாதாரண நிறுவனங்கள் இங்கே இத்தகைய குழந்தைக் கம்பெனிகளை எளிதில் பெற்றுவிட முடியாது. நம் நாட்டில் தன்காப்பீடு பெரும்பாலும் ‘நிதி’ என்ற வடிவிலேயே வாழ்கிறது. நிதி தனி நபர் அன்று. அதே நிறுவனத்தின் ஏட்டில் ஒரு பக்கம். பூட்டு இல்லாத பாக்கெட் என்றும் சொல்லலாம்.

ஓர் உயிரின் கணக்கு

அந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை எப்படி வருகிறது? இதனை அறிந்தால்தான் பொருளின் கனம் விளங்கும். நட்டஈட்டைத் தீர்மானிப்பது மோட்டார் வாகன விபத்து நட்டஈட்டுத் தீர்ப்பாயம். அதற்கு வழிகாட்டுவது, 2009இல் உச்சநீதிமன்றம் தந்த சரளா வர்மா வழக்கின் தீர்ப்பு. அவ்வழக்கின் எதிர்தரப்பும் ஓர் அரசு பஸ் நிறுவனமே: டில்லிப் போக்குவரத்துக் கழகம். பின்னர் 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் சில திருத்தங்கள் வந்தன.

முப்பத்தைந்து வயதுள்ள ஒரு தையற்காரர் பஸ் மோதி இறந்தார் என்று கொள்வோம். மாத வருமானம் ரூ. 15,000. மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தனர். ஆண்டு வருமானம் ரூ. 1,80,000. சொந்தத் தொழில் செய்பவர், வயது நாற்பதுக்குக் கீழ். ஆகவே வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு நாற்பது கூட்ட வேண்டும்: ரூ. 2,52,000. நால்வரைக் காத்தவர் தமக்கென்று செலவிட்டதாக நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும்: ரூ. 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. பெருக்கினால் ரூ. 30,24,000. ஈமச்சடங்கு, சொத்திழப்பு, துணையிழப்பு என்ற தலைப்புகளில் 2017ஆம் ஆண்டின் தீர்ப்பு நிர்ணயித்த ரூ. 70,000ஐச் சேர்த்தால் ரூ. 30,94,000.

இத்தொகைக்கு மனுச் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழரை வீதம் என்று கொண்டால் ரூ. 2,32,050. நாளொன்றுக்கு ரூ. 636ஐ ஒட்டி வருகிறது. அந்தத் தையற்காரர் உயிரோடு இருந்தபோது ஒரு நாளில் ஈட்டியது ரூ. 500தான்! தாமதம் அவர் குடும்பத்துக்குக் கொடுமை. பணம் கொடுக்க வேண்டிய நிறுவனத்துக்கோ நட்டத்தின்மேல் நட்டம். ஒத்திப்போடுவதால் சிக்கனம் செய்ததாக எண்ணுவது கணக்கறியாமை.

பஸ் ஜப்தி

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். அங்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இதே விலக்கின்கீழ்த் தம் பொறுப்பைத் தாமே சுமந்து வந்திருக்கின்றன. ஏறக்குறைய இருபதாயிரம் பஸ்கள்! மேலே சொன்ன கணக்கின்படி, தன்காப்பீட்டுக்கு இதைவிடத் தகுதியுள்ள நிறுவனத்தைக் காண்பது அரிது. எண்ணிக்கை பெரிது; ஆபத்து மாநிலம் முழுவதும் பரவிக் கிடக்கிறது; அனுபவமோ அரை நூற்றாண்டுக்கு மேற்பட்டது.

ஆயினும் தமிழ்ப் பத்திரிகை படிப்போர்க்கு ‘அரசு பஸ் ஜப்தி’ என்ற தலைப்புப் புதிதன்று. தீர்ப்பு வந்து ஆண்டுகள் சென்றும் பணம் வராது. குடும்பத்தார் நிறைவேற்று மனுச் செய்வர். நீதிமன்ற அமீனா பஸ் நிலையத்துக்கு வந்து, புறப்பட நிற்கும் பஸ்ஸின்மீது ஆணையை ஒட்டுவார். ஏறி அமர்ந்த பயணிகள் மூட்டையோடு இறங்குவர். பஸ் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் நிற்கும். பின்னர் பணத்தைக் கட்டி அல்லது தவணை கேட்டுப் பஸ்ஸை மீட்பர்.

இக்காட்சியைக் காப்பீட்டுக் கண்கொண்டு பார்க்க வேண்டும். பஸ் என்பது நிறுவனத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் கருவி. அதனைப் பிடித்து நிறுத்தித்தான் நட்டஈடு வாங்க வேண்டுமென்றால், நட்டஈட்டுக்கென்று ஒதுக்கிய பணம் அந்த நேரத்தில் அங்கே இல்லை என்று பொருள். நிதி நிறுவப்பட்டது, ஆனால் தேவைக்கேற்பப் பேணப்படவில்லை. தனியார் பஸ் மோதியிருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தீர்ப்புத் தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தன்காப்பீட்டில் அந்த விதவை டீசல்காரர், டயர்க்காரர், சம்பளம், ஓய்வூதியம் ஆகிய எல்லாருடனும் ஒரே வரிசையில் நிற்கிறாள், பெரும்பாலும் கடைசியில்.

இதற்கு அதிகாரிகளின் கல்நெஞ்சமே காரணம் என்று கூறிவிடுவது எளிது, ஆனால் நியாயமன்று. கட்டணம் அரசு கூறும் அளவில் நிற்கிறது. இலவசப் பயணங்களும் சலுகைப் பயணங்களும் இருக்கின்றன. நட்டத்தில் ஓடும் கிராம வழிகளை மூட முடியாது. அவற்றால் பயனடைவோரில் நாமும் உண்டு. வருவாய் குறைந்த மாதத்தில் முதலில் வெட்டுப்படுவது எது? இன்றைக்குக் கேட்க ஆளில்லாத செலவு. டீசல்காரர் இன்று கேட்பார். தொழிலாளி மாதக் கடைசியில் கேட்பார். நாளை விபத்தில் இறக்கப் போகிறவனின் மனைவி இன்று வந்து கேட்க மாட்டாள். பிரீமியம் கட்டத் தவறினால் பாலிசி காலாவதியாகும். வண்டி சாலைக்கு வரக் கூடாது. நிதிக்குப் பணம் செலுத்தத் தவறினால் அன்று எதுவும் நிகழ்வதில்லை. தன்காப்பீட்டின் நோய் இதுவே.

எவ்வளவு சுமக்கலாம்?

பூட்டு நன்றாக இருந்தாலும் பெட்டி சிறிதாக இருக்கலாம். 2010 ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் எண்ணெய்த் துளைமேடை வெடித்தது, பதினொருவர் இறந்தனர், எண்ணெய் கடலில் பரவிற்று. அக்கிணற்றின் முதன்மை உரிமையாளரான பிரிட்டிஷ் பெட்ரோலியம், குயெர்ன்சித் தீவில் ‘ஜூபிட்டர்’ என்ற தன் காப்பீட்டுக் கம்பெனியை வைத்திருந்தது. அதன் உச்சவரம்பு ஒரு நிகழ்ச்சிக்கு 70 கோடி டாலர். முடிவில் அந்நிறுவனத்துக்கு ஆன செலவோ 6,500 கோடி டாலருக்கு மேல். அது மிகப் பெரிய கம்பெனியாதலால் சொத்துகளை விற்றுச் சமாளித்தது. சிறிய நிறுவனமாயின் அன்றே கதவடைத்திருக்கும்.

நமது ஐயாயிரம் பஸ் கணக்கிலும் ஒரு மறைமுக அனுமானம் இருக்கிறது: ஒரு விபத்துக்கும் மற்றொரு விபத்துக்கும் தொடர்பில்லை என்பது. சாலை விபத்துகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளம் போன்றது வந்தால், வண்டியும் பணிமனையும் கட்டடமும் ஒரே நாளில் பாதிக்கப்படும். அங்கே வர்க்கமூலக் கணக்குச் செல்லாது. எனவே அடிக்கடி வரும் சிறு நட்டத்தைத் தானே சுமக்க வேண்டும். அரிதாக வரும் பெருநட்டத்தை மறுகாப்பீட்டால் பிறரோடு பகிர வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே தன்காப்பீட்டுக் கலையில் பாதி.

திருவனந்தபுரத்திலேயே ஒரு முன்மாதிரி

இத்தகைய ஏற்பாட்டுக்குப் பெர்முடாவரை போக வேண்டியதில்லை. கேரள அரசுக்கென்று ஓர் இன்ஷூரன்ஸ் இலாகா இருக்கிறது. அதன் தலைமை அலுவலகம் இந்நகரத்திலேயே உள்ளது. அதன் வேர் திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தைச் சேர்ந்தது. அரசு ஊழியர்களின் ஆயுள் காப்பீட்டை நடத்துவதோடு, அரசுக்கும் அரசு சார்ந்த நிறுவனங்களுக்கும் உரிய சொத்துகளுக்கும் வண்டிகளுக்கும் பொதுக் காப்பீடும் அது செய்கிறது. 1972இல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டபோது, மாநில அரசு தன் சொந்தச் சொத்துகளுக்குத் தானே காப்பீடு நடத்தலாம் என்று அச்சட்டத்தில் விலக்குத் தரப்பட்டது. கர்நாடகத்திலும் இதுபோன்ற அரசு இலாகா உண்டு. அது 1891இல் மைசூர் சமஸ்தானத்தில் தோன்றியது.

இவை கம்பெனிகள் அல்ல, அரசின் இலாகாக்களே. ஆயினும் கருத்து ஒன்றுதான்: பிரீமியம் உண்மையாகவே ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் செல்கிறது, ரசீது பிறக்கிறது, பாலிசி பிறக்கிறது, கட்டாவிட்டால் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். நிதி என்னும் ஏட்டுப் பக்கத்திற்கும் காப்டிவ் என்னும் தனிக் கம்பெனிக்கும் நடுவழி இது.

கேரளத்தில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, போக்குவரத்துக் கழகப் பயணிகளிடம் டிக்கெட்டோடு சிறு தீர்வை வாங்க இடம் தந்தது. பயணிகளின் விபத்துக் காப்பீடு, சமூகப் பாதுகாப்பு ஆகியவை அதன் நோக்கங்களில் அடங்கியிருக்கின்றன. பயணியிடம் சிறுதொகை வாங்கிக் காப்பை உண்டாக்குவது நல்ல கருத்து. ஆனால் இது பயணிகளுக்கான காப்பு. சாலையில் நடந்து சென்ற தையற்காரருக்கு உரியதன்று. மேலும் பல நோக்கங்களை ஒரே பையில் போட்டால், எந்த நோக்கத்துக்கு எவ்வளவு சென்றது என்று பயணிக்கு விளங்காது.

செய்யத்தக்கவை

தன்காப்பீட்டைக் கைவிட்டு எல்லாப் பஸ்ஸுக்கும் வெளியில் பிரீமியம் கட்டிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. அது மக்கள் பணத்தில் பிறர்க்கு இலாபம் தேடித் தருவதாகவும் முடியலாம். தன்காப்பீடு நல்லது, ஆனால் அதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும்.

முதலாவது, அன்றாட ஒதுக்கீடு. நம் கற்பனைக் கணக்கையே எடுத்துக் கொள்வோம். ஐயாயிரம் பஸ்கள் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 45 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர். ரூ. 19 கோடியே 20 லட்சத்தை இதனால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 42 காசு. பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தால் தலைக்கு ஒரு காசும் சிறிது மிச்சமும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். அங்குச் செல்லும் ஒருவர் பங்கு முக்கால் ரூபாய்க்கும் குறைவு. கற்பனை எண்களை விடுத்து உண்மை எண்களைப் போட்டால் தொகை மாறும். ஆனால் தாங்க முடியாத பாரமாக மாறிவிடாது. டிப்போவில் அன்றைய வசூலை எண்ணும்போதே இப்பங்கைப் பிரித்துவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் என்றுமே மிஞ்சாது.

இரண்டாவது, பிறர் கையில் சாவி. நிதியைக் கழகத்தின் நடப்புக் கணக்கில் வைக்கக் கூடாது. தனி அறக்கட்டளையிலோ அரசின் இன்ஷூரன்ஸ் இலாகாவிலோ வைத்து, தீர்ப்புத் தொகைக்கன்றி வேறெதற்கும் எடுக்க இயலாதவாறு செய்ய வேண்டும்.

மூன்றாவது, வெளிப்படையான கணிப்பு. இந்த ஆண்டு கொடுத்த பணம் மட்டும் செலவன்று. இந்த ஆண்டு நேர்ந்து, தீர்ப்பு இனி வரவேண்டிய விபத்துகளும் செலவே. அத்தொகையைக் கணித்து ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். தெளிவான வழக்குகளை லோக் அதாலத்தில் விரைந்து தீர்த்தால் வட்டியும் மிஞ்சும்.

நான்காவது, டிப்போவாரிப் பங்கு. விபத்து மிகுந்த டிப்போ அதிகமாகவும், குறைந்த டிப்போ குறைவாகவும் நிதிக்குச் செலுத்த வேண்டும். தன்காப்பீட்டின் தலைசிறந்த பயன் இங்கேதான் இருக்கிறது. வெளிக் கம்பெனிக்குப் பிரீமியம் கட்டுகிறவன் கட்டியதோடு மறந்துவிடுவான். தன் நட்டத்தைத் தானே சுமக்கிறவன், எந்த வளைவில் விபத்து மிகுகிறது, எந்தப் பணிமுறையில் டிரைவருக்குத் தூக்கம் போதவில்லை, எந்த வண்டியின் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று தேடத் தொடங்குவான். பணக்கணக்காகத் தொடங்கியது உயிர்க்காப்பாக முடியும்.

நண்பர்களே, ‘கழகம் தன்காப்பீடு செய்திருக்கிறது’ என்று எங்கேனும் படித்தால் ஒரு கேள்வி கேட்கப் பழகுவோம்: அதற்குரிய பணம் இப்போது யார் கையில், எவ்வளவு இருக்கிறது? பஸ் கழகத்துக்கு மட்டுமன்று. எந்த நிறுவனம் தன் ஆபத்தைத் தானே சுமப்பதாகச் சொன்னாலும் கேட்கத்தக்க கேள்வி இது. விடை ஒரு தொகையாக வந்தால், அது காப்பீடு. ‘வேண்டிய காலத்தில் ஏற்பாடு செய்வோம்’ என்று வந்தால், அந்த நிறுவனத்துக்குக் காப்பீடு இல்லை. அதன் பாரத்தைச் சாலையில் நடந்து செல்லும் யாரோ ஒருவரின் குடும்பம், தானறியாமலேயே சுமந்து கொண்டிருக்கிறது.